குமாஸ்தா வேலை தெரிந்த பி.ஆர்.ஓ.

‘ட்விட்டர் – குறிப்பு வரைக.’ ஐந்து மதிப்பெண். மக்கள் தொடர்பியல் தாளில் வருடா வருடம் தவறாமல் வந்துகொண்டிருந்த கேள்வி. 140 எழுத்துகளுக்குள் கருத்துச் சொல்லும் தளம் என்று மாணவர்கள் எழுதுவார்கள். விடைக்குறிப்பிலும் அதுதான் இருக்கும். அந்த 140, 2017 நவம்பரிலேயே 280 ஆகிவிட்டது. 2023 ஜூலையில் ட்விட்டர் என்ற பெயரும் போய் எக்ஸ் வந்துவிட்டது. ஆனாலும் விடைக்குறிப்பில் இருப்பதற்குத்தான் மதிப்பெண். 280 என்று எழுதிய பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவேன். தலைமைத் தேர்வாளர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று.

நான் முழுநேரப் பேராசிரியை இல்லை. சென்னையில் ஒரு பி.ஆர். ஏஜென்ஸியில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஒரு மருத்துவமனையின் பி.ஆர்.ஓ. ஆக இருந்து, இப்போது சொந்தமாகச் சில கிளையண்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள். வாரத்தில் ஒரு நாள் கல்லூரிக்குப் போய் விஸ்காம் மாணவர்களுக்கு மக்கள் தொடர்பு எடுக்கிறேன். தன்னாட்சிக் கல்லூரி என்பதால் கெஸ்ட் லெக்சரருக்கும் விடைத்தாள் கட்டு வந்துசேரும்.

ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில், “பி.ஆர்.ஓ. என்றால் யார்?” என்று கேட்பேன். பாதிப் பேருக்குச் சினிமா பி.ஆர்.ஓ.தான் தெரியும். டைட்டிலில் பெயர் வரும், ஆடியோ விழாவில் மேடை ஓரமாக நிற்பார். ஒன்றிரண்டு பேர் கலெக்டர் ஆபீஸ் பி.ஆர்.ஓ.வைச் சொல்வார்கள். சினிமாவைச் சொன்னவர்களைப் பிடித்துக்கொண்டு ஃபிலிம் நியூஸ் ஆனந்தனில் தொடங்குவேன். 1958-இல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு அவர் செய்த வேலையோடுதான் தமிழ் சினிமாவில் பி.ஆர்.ஓ. என்ற பொறுப்பே தொடங்குகிறது. ஆனால் அவரை இன்றும் நினைவில் வைத்திருப்பது அந்த வேலைக்காக இல்லை. வந்த படம் ஒவ்வொன்றுக்கும் யார் நடித்தார்கள், யார் இசை, எந்தத் தேதியில் ரிலீஸ் என்று குறித்துவைத்தார், ஸ்டில்களைச் சேர்த்துவைத்தார். பிற்காலத்தில் அந்தச் சேகரிப்பை அரசே வாங்கிக்கொண்டது. தமிழ்நாட்டின் முதல் சினிமா பி.ஆர்.ஓ. ஒரு பெரிய குமாஸ்தாவும்கூட என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு செமஸ்டர் முடிவதற்குள் கொஞ்சம் குறைந்துவிடும்.

பாடப்புத்தகம் வேறு வழியில் போகிறது. 1906-இல் ஐவி லீ பத்திரிகைகளுக்கு அனுப்பிய கொள்கைக் குறிப்பு, 1923-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் பெர்னேஸ் எடுத்த வகுப்பு, 1984-இல் குரூனிக்கும் ஹண்ட்டும் வகுத்த நான்கு மாதிரிகள். இவை வேண்டியவைதான், நானும் நடத்துகிறேன். அதற்குப் பிறகு ‘டிஜிட்டல் பி.ஆர்.’ என்று ஒரு யூனிட். அதில் தளங்களின் பெயர்களும் மென்பொருள்களின் பெயர்களும் வரிசையாக இருக்கும். அந்த வரிசைக்கு ஆயுள் குறைவு. எங்கள் பாடத்திட்டத்தில் இருந்த பழைய கூகுள் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு கணக்கெடுப்பதை நிறுத்தியது. சமூக ஊடகப் பதிவுகளின் பரவலைக் கணக்கெடுக்கும் கிரவுட்டேங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. டிக்டாக் நம் நாட்டில் 2020 ஜூனிலேயே தடைசெய்யப்பட்டது. பாடத்திட்டக் குழு கூடி, கவுன்சில் ஒப்புதல் தந்து, புத்தகம் அச்சாகி வருவதற்குள் ஒரு தளத்துக்குத் திவசமே முடிந்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த யூனிட்டை நான் நடத்தவே வேண்டியதில்லை. ரீல்ஸ் வெட்ட, பின்னணி இசை சேர்க்க, கேன்வாவில் போஸ்டர் போட அவர்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். ஏஜென்ஸிக்குப் போன முதல் வாரத்திலேயே என் மாணவர்கள் திணறுவது வேறு இடத்தில்: தமிழில் ஒரு பிரஸ் நோட்டை, அதன் படங்களோடு, சரியான ஆட்களுக்கு, உடையாமல் அனுப்புவதில்.

உடையாமல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஏஜென்ஸியில் சேர்ந்தபோது பிரஸ் நோட் ஃபேக்ஸில் போகும். அவசரம் இல்லாதவை ஆபீஸ் பையன் பைக்கில் கவர் கவராகப் போகும். மின்னஞ்சல் வந்ததும் ஆங்கில நோட்டுக்கு விடிவு வந்தது. தமிழ் நோட்டுக்குத் தலைவலி வந்தது. டிடிபி கடைகளில் ஒரு ஃபான்ட், பத்திரிகை டெஸ்கில் வேறொன்று, அரசு அலுவலகங்களில் வானவில், இன்னும் சிலரிடம் பாமினி. ஒன்றில் அடித்தது மற்றொன்றில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். டெஸ்கிலிருந்து போன் வரும்: “மேடம், நோட் ஓபன் ஆகுது, ஆனா படிக்க முடியலை.” கன்வெர்ட்டரில் போட்டு மாற்றி, மாறாத எழுத்தைக் கையால் திருத்தி, மறுபடி அனுப்புவோம். அதற்குள் பக்கம் போயிருக்கும்.

1999-இல் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. 2010-இல் ஒருங்குறியையும் ஏற்றது. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். பழைய ஃபான்ட்டில் அடித்துப் பழகியவர்கள் ‘ர்’ அடிக்க வேண்டிய இடத்தில் துணைக்காலையும் புள்ளியையும் போடுவார்கள். தாளில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஒருங்குறிக்கு மாற்றும்போது அந்தத் துணைக்கால் துணைக்காலாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘மருத்துவர்’ என்று தேடினால் அந்தச் செய்தி அகப்படாது. கிளையண்ட்டின் பெயர் ‘குமார்’ என்றால் அவர் பெயரே தேடலில் வராது.

இதை வகுப்பில் திரையில் போட்டுக் காட்டுவேன். ஒரே மாதிரி தெரியும் இரண்டு ‘குமார்’கள். கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் தட்டித் தட்டி எழுத்தைப் பிரித்துக் காட்டினால்தான் நம்புவார்கள். ஒரு வருடம் பின்வரிசையில் ஒரு பையன் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். தென்மாவட்டத்துக்காரன். அப்பா ஃபிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருக்கிறார். “எங்க கடையில தினமும் இதுதான் மேடம். கஸ்டமர் வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க, நாங்க நம்ம ஃபான்ட்டுக்கு மாத்துவோம். ஸ்ரீ, க்ஷ வர்ற இடத்துல எல்லாம் உடையும், பாத்துக்கணும்,” என்றான். ஆங்கிலத்தில் பதில் எழுதத் தெரியாது என்று எல்லாத் தாளிலும் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தவன் அவன். என் பிராக்டிகலில் அந்த வகுப்பிலேயே அவன்தான் முதல். ஆங்கிலப் பள்ளியில் படித்துவந்த பிள்ளைகள் அவனிடம் போய்த் தமிழ்99 கற்றுக்கொண்டார்கள்.

படத்துக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும். போன் திரையில் பளிச்சென்று இருப்பது அச்சில் ஏறும்போது மங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். இது ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம். ஆனால் பட்டம் வாங்கிவிட்டு என்னிடம் வேலைக்கு வந்த பலருக்குத் தெரியவில்லை. கோப்பின் பெயரும் அப்படித்தான். கேமரா வைத்த எண்ணோடு பத்துப் படம் டெஸ்குக்குப் போனால் சப்-எடிட்டர் எதைத் திறப்பார்? நிகழ்ச்சி, இடம், தேதி மூன்றும் பெயரில் இருக்க வேண்டும். கேப்ஷனில் இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுத வேண்டும். இதை எழுத மறந்தால் மறுநாள் பேப்பரில் அமைச்சரின் பெயர் கல்லூரி முதல்வரின் முகத்துக்குக் கீழே வரும்.

மருத்துவமனையில் இருந்தபோது எனக்குப் பழக்கமான இன்னொரு கணக்கு எஸ்.எம்.எஸ். முகாம் அறிவிப்பெல்லாம் அதில்தான் போகும். ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்கு இன்றும் அதுதான். ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து. தமிழில் 70. அந்த எழுபதிலும் நாம் எண்ணுவது ஒன்று, இயந்திரம் எண்ணுவது இன்னொன்று. ‘மருத்துவமனை’ நமக்கு ஏழு எழுத்து. உகரக் குறிக்கும் ஐகாரக் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடும் இயந்திரத்துக்குப் பதினொன்று. வரம்பைத் தாண்டினால் இரண்டு எஸ்.எம்.எஸ். கட்டணம், பல்லாயிரம் பேருக்கு அனுப்பும்போது தெரியும். போதாததற்கு வாசகத்தை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும் என்ற டிராய் விதி வேறு. 2021 மார்ச்சில் அதைக் கறாராக அமல்படுத்தத் தொடங்கிய அன்று வங்கி ஓ.டி.பி.க்களே வராமல் நாடு தள்ளாடியது. உடனே தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். எழுபதுக்குள் நாள், இடம், நேரம், தொலைபேசி எண் நான்கையும் அடக்கி ஒரு முகாம் அறிவிப்பு எழுதச் சொல்வேன். ‘அன்புடன் அழைக்கிறோம்’ முதலில் உதிரும். அடைமொழிகள் அடுத்து உதிரும். செய்தியை இறுக்கி எழுதுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

எக்செல் ஷீட் பற்றிப் பேசினால்தான் மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். விஸ்காம் சேர்ந்ததே கணக்கிலிருந்து தப்பிக்கத்தானே. அவர்களுக்கு 2015 டிசம்பரைச் சொல்வேன். சென்னை மூழ்கியபோது இவர்களில் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மொட்டை மாடியில் நின்ற நினைவாவது இருக்கும். அந்த நாட்களில் ஊரைத் தாங்கியவற்றில் ஒன்று, முகம் தெரியாத தன்னார்வலர்கள் ஆளுக்கொரு மூலையிலிருந்து நிரப்பிய கூகுள் ஷீட்டுகள். எங்கே படகு வேண்டும், எந்தக் கல்யாண மண்டபத்தில் தங்க இடம் இருக்கிறது, யார் சாப்பாடு தருகிறார்கள். ஹேஷ்டேக்கில் ஓடியவற்றையெல்லாம் பிடித்து வரிசையில் போட்டார்கள். அதே நாட்களில் தொல்லையும் பார்த்தோம். கர்ப்பிணிப் பெண் மாடியில் சிக்கியிருக்கிறார், உடனே உதவுங்கள் என்று ஒரு செய்தி வரும். அவர் மீட்கப்பட்டு வீடு போய்ச் சேர்ந்த பிறகும் அது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். படகு வீணாக அங்கே போகும். நல்ல ஷீட்டில் இரண்டு நெடுவரிசைகள் கூடுதலாக இருந்தன: எப்போது வந்த தகவல், போன் செய்து உறுதிப்படுத்தியது யார். இந்த இரண்டும் இல்லாத எந்தப் பட்டியலையும் என் வகுப்பில் ஏற்றுக்கொள்வதில்லை.

அதன் பிறகு சாதாரணப் பட்டியலுக்கு வருவோம்: நிருபர்களின் பெயரும் எண்ணும். 91 சேர்த்த தொலைபேசி எண்ணை எக்செலில் அப்படியே போட்டால் அது 9.19E+11 என்று சுருண்டு நிற்கும். பிறகு யாரோ அதை வேறு வடிவத்தில் சேமிப்பார்கள், எண் போயே போய்விடும். ஐம்பது நிருபர்களின் மின்னஞ்சல் முகவரியையும் ‘டூ’ கட்டத்தில் போட்டு அனுப்பினால் எல்லோர் முகவரியும் எல்லோருக்கும் தெரியும், பி.சி.சி. எதற்கு இருக்கிறது? தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-இல் சட்டமே வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், எந்த நிருபருக்கும் தன் பெயர் ஒரு கூட்டத்தில் ஐம்பதில் ஒன்றாகத் தெரிவது பிடிக்காது.

சாவி விஷயம் இன்னும் சுவாரஸ்யம். துறை விழாவுக்கு ஒரு சீனியர் தன் சொந்த ஜிமெயிலில் இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்குவார். அது வளரும். அவர் படித்து முடித்துப் பெங்களூர் போய்விடுவார். அடுத்த ஆண்டு கூட்டம் கூடிப் பாஸ்வேர்ட் தேடும். கல்லூரி அளவில் இது சிரிப்பு. ஆனால் ஒரு நிறுவனத்தில், பக்கத்தை நடத்திய பையன் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான், லாகின் அவனிடம் என்று நள்ளிரவில் எனக்குப் போன் வந்திருக்கிறது. அந்த நிறுவனத்தில் ஆபீஸ் கதவுக்கு இரண்டு சாவி உண்டு, யாரிடம் இருக்கிறது என்று ரிஜிஸ்டரும் உண்டு. லட்சம் பேர் பார்க்கும் பக்கத்துக்கு மட்டும் இல்லை. இப்போது என் மாணவர்கள் விழாப் பக்கம் தொடங்கும்போதே துறைக் கணக்கில்தான் தொடங்குகிறார்கள். அட்மின் யார், மீட்பு எண் யாருடையது, வருட முடிவில் யாரிடம் ஒப்படைத்தது என்று ஒரு தாளில் எழுதித் துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆம், தாளில்தான்.

அளவீடு பற்றிக் கொஞ்சம். என் ஆரம்ப காலத்தில் கட்டிங்குகளை ஸ்கேல் வைத்து அளப்போம். இத்தனை பத்தி-சென்டிமீட்டர், அதே இடத்தில் விளம்பரம் போட்டிருந்தால் இத்தனை ரூபாய், செய்திக்கு நம்பகத்தன்மை அதிகம் என்பதால் இன்னும் மூன்றால் பெருக்கு. மாதக் கடைசியில் கிளையண்ட்டுக்குப் பல லட்சம் ‘மதிப்பு’ காட்டுவோம். 2010-இல் அளவீட்டுத் துறையினர் பார்சிலோனாவில் கூடி, விளம்பரக் கட்டணத்தோடு ஒப்பிடும் இந்தக் கணக்கு பி.ஆரின் மதிப்பு ஆகாது என்று தீர்மானமே போட்டார்கள். மாணவர்கள் இதைத் தேர்வில் அழகாக எழுதுவார்கள். வேலைக்குப் போனதும் கிளையண்ட் கேட்கும் முதல் கேள்வி, “இதுக்கு ஆட் வேல்யூ என்ன வரும்?” இப்போது அந்த இடத்தில் ‘ரீச் எவ்வளவு?’ என்பதும் சேர்ந்திருக்கிறது. ரத்த தான முகாம் அறிவிப்பை இத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று ஒரு குழு பெருமையாகக் காட்டும். எத்தனை பேர் வந்து ரத்தம் கொடுத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அறிவிப்பைப் பார்த்து வந்தவர்கள்? முகாம் வாசலில் ஒரு நோட்டை வைத்து, ‘எப்படித் தெரிந்தது’ என்று கேட்டு எழுதச் சொன்னேன். ஹாஸ்டல் வார்டன் சொன்னார் என்பதே அதிகம் இருந்தது.

2023 மார்ச்சில் நடந்ததை இப்போது தவறாமல் பாடமாக வைக்கிறேன். பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் வடக்கே பரவின. தமிழகக் காவல்துறைத் தலைவர் வீடியோவில் பேசி மறுத்தார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது. நிலைமையை விவரித்துவிட்டு, மாணவர்களை அரசின் இடத்தில் உட்காரவைத்து, முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலான குழுக்கள் சிவப்பில் ‘பொய்’ என்று முத்திரை குத்திய போஸ்டரோடு வரும். தமிழிலும் ஆங்கிலத்திலும். ஒரு பெண் மட்டும் கேட்டாள்: “மேடம், பயப்படறவங்க இதைப் படிப்பாங்களா?” பயப்படுகிறவர் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் இருக்கும் இளைஞனும், ஊரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழும் அவன் அம்மாவும். அவர்களுக்கு வேண்டியது இந்தியிலோ போஜ்புரியிலோ ஒரு குரல் பதிவு. அதுவும் அவர்களுக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரியின் குரலாக இருந்தால் இன்னும் நல்லது. அவள் சொன்னதை வைத்து மீதி வகுப்பு முழுக்க ஓடியது. அன்றைய காவல்துறை மறுப்பில் எடை எங்கே இருந்தது என்பதையும் பிரித்துப் பார்த்தோம். ‘பொய்’ என்ற சொல்லில் இல்லை. ஒரு வீடியோ பீகார் தொழிலாளர்கள் இரு தரப்பாக மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்தது என்று இடத்தையும் ஆட்களையும் சொன்னதில் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் அந்தத் தகவல் யாரோ ஒருவரின் கோப்பில் எடுக்கக்கூடிய இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு பிரஸ் நோட்டெல்லாம் திடீரென்று வழவழப்பாகிவிட்டது. மொழியைப் பார்த்தாலே தெரியும். எல்லா நிறுவனமும் எதற்கெடுத்தாலும் பெருமிதம் கொள்ளும். நான் தடை போடவில்லை. போட்டாலும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த நோட்டுகளில் தலைவர் சொன்னதாக மேற்கோள் குறிக்குள் இரண்டு வரி இருக்கும். அந்தத் தலைவர் அப்படி வாயே திறந்திருக்க மாட்டார். அதனால் ஒப்புதல் ஷீட் ஒன்று கட்டாயமாக்கினேன். மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் யார் சொன்னது, எப்போது, ஒப்புதல் எந்த மின்னஞ்சலில் இருக்கிறது. எண் ஒவ்வொன்றுக்கும் எந்த ஆவணத்திலிருந்து எடுத்தது. ஷீட்டில் காலியாக இருக்கும் வரி நோட்டிலிருந்து நீக்கப்படும். சில நோட்டுகள் இப்படி நீக்கியதில் தலைப்பும் லோகோவும் மட்டும் மிஞ்சி நின்றிருக்கின்றன.

போன முறை பாடத்திட்டக் குழுவுக்குத் தொழில்துறை உறுப்பினராக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மென்பொருள் பெயர்களை எல்லாம் பிராக்டிகல் கையேட்டுக்குத் தள்ளிவிட்டு, அதை ஆண்டுதோறும் துறையே மாற்றிக்கொள்ளட்டும் என்றேன். பாடத்திட்டத்தில் தமிழ் ஒருங்குறி, கோப்பு, பட்டியல், ஒப்புதல், கணக்கு ஒப்படைப்பு, அளவீடு இவை இருக்கட்டும் என்றேன். மூத்த பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “இது டிகிரி காலேஜா, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாம்மா?” என்று கேட்டார். லோயர், ஹையர் பாஸ் பண்ணிவிட்டு வேலைக்குப் போன தலைமுறையின் பிள்ளைகள்தானே சார் நாம் என்றேன். அவர் சிரித்துவிட்டார். அவருடைய அப்பாவும் ஸ்டெனோவாம். ஆனாலும் ‘தொடர்பியல் கோட்பாடு’ யூனிட்டிலிருந்து ஒரு மணி நேரத்தைக்கூட விட்டுத்தர மறுத்துவிட்டார். அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. குரூனிக்கைப் படிக்காமல் ஷீட் மட்டும் போடத் தெரிந்தவன் யாருக்காகப் போடுகிறோம் என்று கேட்கமாட்டான்.

கடைசியில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் லேப் கிடைத்தது. லேப் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையுடையது. வியாழக்கிழமை மதியம், அவர்களுக்கு வேண்டாத நேரம். எந்தக் கணினியிலும் தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இல்லை. இயக்க அட்மின் அனுமதி வேண்டும். அந்தப் பாஸ்வேர்ட் வைத்திருந்த லேப் அசிஸ்டென்ட் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். புதியவர் வந்து சரிசெய்யும்வரை தமிழை மட்டும் போனில் அடித்துக்கொள்ளலாம், ஷீட்டைக் கணினியில்தான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஃபிளெக்ஸ் கடைப் பையனின் தங்கை இப்போது முதலாண்டில் சேர்ந்திருக்கிறாள். தமிழ்99 ஸ்டிக்கர் ஒரு கட்டு கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள், அவர்கள் கடையிலேயே அடித்து.